கோதாரிக்கு எதுகை

செல்வநாயகி செத்துப்போனாள் என்ற செய்தி பண்டத்தரிப்பில் பரவியபோது, கேட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி, "ஷெல்லோ, பொம்பரோ?" என்பதுதான். இரண்டும் இல்லை, நெஞ்சுக்குத்து என்று சொன்னதும் அவர்கள் முகம் தொங்கிப்போனதை அவளுடைய புருசன் சீவரத்தினம் கண்டார். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஒரு மனுசி சும்மா வருத்தத்தில் சாவதென்றால் அது என்ன சாவு? விறாந்தையில் வந்து குந்திய ஒரு பெரியவர், "ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்கேல்லையோ? பெற்றோல் இல்லாமல் போச்சுதோ?" என்று எப்படியாவது அந்தச் சாவுக்குள் அரசாங்கத்தை இழுத்துவிடப் பார்த்தார். அதற்கும் வழி இருக்கவில்லை. அவள் விழுந்து, சீவரத்தினம் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரியவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மனக்குறையோடு எழும்பிப் போனார்.

முடிந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அன்று காலையில் சீவரத்தினம் தோட்டத்தில் குந்தியிருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். செல்வநாயகி கிணற்றடியில் நின்று ஆட்டை ஏசிக்கொண்டிருந்தாள். கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அவள் காயப்போட்டிருந்த சேலைத் தலைப்பை அது சப்பிவிட்டது. "அட கோதாரி விழுந்த ஆடே, உன்னை இண்டைக்கு..." என்று குரல் வந்தது. அதோடு நின்றுவிட்டது.

சீவரத்தினம் மிச்சத்தைக் கேட்கக் காத்திருந்தார். கலியாணம் கட்டிய நாள் முதல் அவள் ஒரு ஏச்சைப் பாதியில் விட்டதை அவர் கேட்டதில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும், வானத்தில் பொம்பர் சுற்றினாலும் தொடங்கியதை முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. மிச்சம் வரவில்லை. கையில் இருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடினார். ஆடு தலைப்பைச் சப்பியபடி நின்றது. அவள் துவைகல்லுக்குப் பக்கத்தில் கிடந்தாள்.

கோதாரி என்பது ஒரு காலத்தில் ஊரைக் கூட்டித் துடைத்துக்கொண்டு போன ஒரு கொள்ளை வருத்தத்தின் பெயர். வருத்தம் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. மற்றவர்கள் அதைக் கோபம் வந்தால் சொல்வார்கள். செல்வநாயகி அதைக் கோபம் வந்தாலும் சொல்வாள், சந்தோசம் வந்தாலும் சொல்வாள், யாரையாவது பிடித்துப்போய்விட்டால் இன்னும் கூடச் சொல்வாள். சாப்பிடாமல் போகப் பார்க்கும் விருந்தாளி கோதாரி விழுவான். சாப்பிட்டுவிட்டு ருசியாக இருந்தது என்று சொல்லாதவனும் கோதாரி விழுவான். நல்லூர்த் தேரைப் பார்த்துக் கண்ணீர் வடிய அவள் சொன்ன சொல்லும், "கோதாரி, என்ன வடிவு!" என்பதுதான். முருகன் அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சீவரத்தினம் அவளுடைய வாயிலிருந்து கேட்ட முதற் சொல்லே அதுதான். கலியாணப் பந்தல், சனம் நிறைந்திருக்கிறது, கெட்டிமேளம் முழங்குகிறது. தாலிக்கொடியைக் கழுத்தில் போட்டு, கொடியைப் பூட்டும் சுரையைத் திருகுகிறார் மாப்பிள்ளை. பூட்டவில்லை. மறுபடி திருகுகிறார், பூட்டவில்லை. தவில்காரர் அடித்து அடித்துக் கை ஓய்ந்து, "இன்னும் என்ன செய்யிறான் உவன்" என்று எட்டிப் பார்க்கிறார். சீவரத்தினத்துக்கு வேர்த்துக் கொட்டியது. அப்போது குனிந்த தலையை நிமிர்த்தாமல், ஐயருக்கும் கேட்கும்படியாக, மணப்பெண் சொன்னாள்: "கோதாரி, மற்றப் பக்கம் திருகுங்கோ."

திருகினார், பூட்டியது. அன்று தொடங்கி அவருடைய வாழ்க்கையில் எது பூட்டாவிட்டாலும் மற்றப் பக்கம் திருகச் சொல்ல ஒரு ஆள் இருந்தாள். சீவரத்தினம் அதிகம் வாய் திறவாத மனிதர். சந்தையில் வியாபாரி வெங்காயத்துக்குக் குறைத்து விலை சொன்னால், "ஓம், சரி" என்று தலையாட்டிவிட்டு வருவார். பிறகு செல்வநாயகி போவாள். அவள் போய் வந்தபின் அந்த வியாபாரி சீவரத்தினத்தைக் கண்டால் எழுந்து நிற்பான். அவள் போட்ட சத்தத்துக்குள் நின்றுதான் அவர் இத்தனை காலமும் அமைதியாக இருந்தார். ஊர் அவரைச் சாது என்றது. சாதுவாக இருக்க அவரை விட்டவள் யார் என்று ஊர் யோசிக்கவில்லை.

இந்தச் சொல்லால் மானம் போனதாக நினைத்தவர் ஒரேயொருவர்தான். அவள் கூடப்பிறந்த அண்ணர், ஸ்ரேசன் மாஸ்ரர் நடராசா. ரயில் நின்று இரண்டு வருசமாகிவிட்டது, தண்டவாளத்தைக் கழற்றிப் பதுங்குகுழிப் பங்கர்களுக்கு மூடியாகவும் போட்டுவிட்டார்கள், ஆனால் நடராசா மட்டும் இன்னும் ஸ்ரேசன் மாஸ்ரர்தான். சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிய காற்சட்டையோடு சைக்கிளில் போவார். வழியில் யாராவது நேரம் கேட்டால், வராத ரயிலின் நேரத்தைப் போலக் கச்சிதமாகச் சொல்வார். தங்கச்சியின் வாய் அவருக்குப் பெரிய தலையிறக்கம்.

அதற்குக் காரணமும் இருந்தது. இந்திய இராணுவம் வந்திருந்த காலத்தில் சந்தியில் காவலுக்கு நின்ற ஒரு சிப்பாய், இவர்களுடைய வாசல் படலையடிக்கு வந்து கையைக் குவித்துத் தண்ணீர் கேட்டான். செல்வநாயகி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போதே, "கோதாரி, உந்த வெயிலுக்கை உந்த இரும்புச் சட்டியைத் தலையிலை கவிட்டுக்கொண்டு நிக்கிறியே, மூளை அவிஞ்சு போகாதோ? உன்ரை கொம்மா கண்டால் என்ன சொல்லுவா?" என்று ஏசினாள். அவனுக்கு முதற் சொல் மட்டும்தான் பிடிபட்டது. தமிழில் வணக்கம் சொல்வது இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான். அடுத்த நாள் அவள் சந்தியைக் கடக்கும்போது சல்யூட் அடித்து, "கோதாரி, அம்மா!" என்றான். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கோதாரி, மகனே!" என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போனாள். திருத்துவாளா என்ன?

அவன் அந்தச் சந்தியால் போன வந்த எல்லோருக்கும் அதையே சொன்னான். நடராசா காற்சட்டை மடிப்புக் கலையாமல் சைக்கிளை விட்டு இறங்கி நின்றபோது, துவக்கோடு நெஞ்சை நிமிர்த்தி, "கோதாரி, சார்!" என்றான். துவக்கு வைத்திருப்பவன் சொன்னால் மறுத்துக் கதைக்க முடியுமா? நடராசா இரண்டு கையையும் கூப்பி, "கோதாரி, கோதாரி" என்று குனிந்து சொல்லிவிட்டு வந்தார். கதை அவருக்கு முன்னமே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. செல்வநாயகி சாகும்வரைக்கும், அண்ணர் படலையைத் திறந்தால் கையைக் கூப்பிக்கொண்டுதான் நிற்பாள்.

தொண்ணூறாம் ஆண்டு மயிலிட்டிப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து ஓடிவந்தபோது, செபஸ்தியம்மா என்ற மீன்காரி மூன்று பிள்ளைகளோடு இவர்களுடைய படலையடியில் வந்து நின்றாள். உள்ளே வரலாமோ என்று கேட்கக் கூச்சம். சைவ வீடு, மரக்கறிச் சமையல். செல்வநாயகி கண்டுவிட்டு, "கோதாரி விழுவாளே, பிள்ளையளை வெயிலுக்கை நிப்பாட்டிக்கொண்டு என்ன விடுப்பே பாக்கிறாய்? உள்ளுக்கு வா!" என்று கத்தினாள். செபஸ்தியம்மா வந்தாள். புகையிலைக் குடிலில் இருந்தாள். இரண்டு வருசமாகியும் போகவில்லை. பெரிய பெரிய மனிதர்கள் அகதிகளுக்குக் கூட்டம் போட்டு அனுதாபம் சொன்னார்கள், ஆனால் இடம் கொடுத்தது இந்த ஏச்சுத்தான்.

இனிச் செத்தவீட்டுக்கு வருகிறேன். தகனத்துக்குக் கொண்டுபோக முன்னம், தாலிக்கொடியைப் புருசன்தான் கழற்ற வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். சீவரத்தினம் குனிந்து சுரையைப் பிடித்துத் திருகினார். வரவில்லை. பிழையான பக்கம் திருகுகிறோம் என்பது அவருக்கு விளங்கியது. விளங்கியும் அதே பக்கமே திருகினார். திருகிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தார். திரும்பவும் திருகினார். "பாவம் மனுசன், கழற்ற மனமில்லை" என்று பெண்கள் மூக்கைச் சீறினார்கள். கடைசியில் நடராசாவின் மனைவிதான் வந்து அவர் கையை விலக்கிவிட்டுக் கழற்றினாள். செல்வநாயகி செத்துப்போனாள் என்பதை அந்த நேரத்தில்தான் அவர் நம்பினார். அவர் வாய்விட்டு அழுததும் அப்போதுதான்.

எட்டாம் நாள் காரியம் முடிந்தது. அடுத்து முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி. அந்தியேட்டி என்றால் கல்வெட்டு. கல்வெட்டு என்றதும் கல்லில் வெட்டுவது என்று யாரும் எண்ண வேண்டாம். செத்தவரைப் பற்றிப் பாட்டாகக் கட்டி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, அன்று வீட்டில் வாசித்து எல்லோருக்கும் கொடுப்பது. உயிரோடு இருந்தபோது ஒருவரை அறிந்தவர்கள் யாரும் அதை வாசித்து அவரை அடையாளம் கண்டுவிட முடியாது. அதுதான் அதன் இலக்கணம். கல்வெட்டில் கஞ்சன் வள்ளலாவான், குடிகாரன் சிவபக்தனாவான், தாயைப் பட்டினி போட்டவன் தாய்க்குத் தலைமகனாவான்.

எங்கள் பகுதியில் இந்தத் தொழிலைப் பார்த்தவர் நமசிவாயப் புலவர். முந்திக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்தவர். கடையில் சாமான் இல்லாமல் போன காலத்தில் சாவு மட்டும் தட்டுப்பாடில்லாமல் வந்ததால் முழுநேரப் புலவரானார். பாட்டெல்லாம் முன்னமே தயாராக இருக்கும். பெயரையும் ஊரையும் திதியையும் மாற்றினால் சரி. ஒருமுறை அவசரத்தில், கலியாணமே கட்டாத ஒரு பெரியவருக்கு 'மனைவி புலம்பல்' அச்சாகிவிட்டது. அந்த மனைவி யார் என்று ஊரெல்லாம் விசாரித்து, இரண்டு வீடுகளில் அடிபிடி வந்தது.

புலவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர் நடராசாதான். சீவரத்தினத்தின் ஒரே மகள் ஞானாம்பிகை பிரான்சில் இருந்தாள். பாதை இல்லை, தொலைபேசி இல்லை. கிளாலிக் கடல்வழியால் வள்ளம் ஏறிக் கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் தாய் செத்த செய்தியே அவளுக்குப் போனது. இந்தக் கல்வெட்டையும் அப்படியே அனுப்புவதாக ஏற்பாடு. லண்டனில் இருக்கும் தன் மச்சான்மாருக்கும் அனுப்ப வேண்டும் என்பது நடராசாவின் திட்டம். உயிரோடு இருந்தபோது திருத்த முடியாத தங்கச்சியை இப்போது திருத்திவிடலாம் என்று அவர் கண்டுகொண்டார். செத்தவர்கள் வசதியானவர்கள், எதிர்த்துக் கதைக்க மாட்டார்கள்.

புலவர் விறாந்தையில் சப்பணம் கட்டியிருந்து, பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு, 'கணவர் புலம்பல்' என்ற பகுதியை இராகத்தோடு வாசித்தார்:

"சாந்த குணவதியே சண்டை அறியாதவளே
காந்த மொழியாளே கடுஞ்சொல் புகலாளே
ஏந்திழையே எனைவிட்டு எங்குநீ சென்றனையோ
மாந்தர்புகழ் மயிலே மனம்வாடி நிற்கின்றேன்."

நடராசா கண்ணை மூடித் தலையை ஆட்டினார். சீவரத்தினம் தலையை ஆட்டவில்லை. 

"புலவர், உது ஆருக்குப் பாடினது?" என்று கேட்டார்.

"இதென்ன கேள்வி? உம்மடை மனிசிக்குத்தான்."

"என்ரை மனிசி சண்டை அறியாதவளோ?"

"சீவரத்தினம், செத்த ஆளைப் பற்றி நல்லதைத்தான் சொல்லவேணும்" என்றார் நடராசா.

"நல்லதைச் சொல்லுங்கோ அத்தான். வேற ஆளைப் பற்றிச் சொல்லாதையுங்கோ."

இவ்வளவு நீளமாகச் சீவரத்தினம் கதைத்ததை நடராசா அதற்கு முன் கேட்டதில்லை. புலவர் கோப்பையைக் கீழே வைத்தார். சீவரத்தினம் நிறுத்தவில்லை.

"பிள்ளையார் காப்பு, பிள்ளையள் புலம்பல், சகோதரர் புலம்பல் எல்லாம் உங்கடை விருப்பம். இது கணவர் புலம்பல் எண்டு போட்டுக் கிடக்கு. கணவர் நான். நான் புலம்பினால், அவள் என்னைக் கோதாரி எண்டு கூப்பிட்டதைச் சொல்லித்தான் புலம்புவன். அந்தச் சொல் வரவேணும்."

புலவருக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. "சிவசிவா! அமங்கலச் சொல் எல்லே? பாட்டுக்குள்ளை வைச்சால் சாபமாய் அறம் விழும். குடும்பம் விளங்காது."

"செத்தவீட்டுப் பாட்டிலை என்ன மங்கலம் புலவர்?"

மறுமொழி இல்லாதபோது படித்தவர்கள் செய்வதைத்தான் புலவரும் செய்தார், இலக்கணத்துக்குள் ஒளித்துக்கொண்டார். "அது கிடக்கட்டும். சொல்லை வைக்க எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கோதாரிக்கு எதுகை கிடையாது. எதுகை இல்லாமல் பாட்டு நிக்காது. தமிழ் விடாது."

தமிழே விடாது என்றால் சீவரத்தினம் என்ன செய்வார்? எதுகை உண்டோ இல்லையோ என்று வெங்காயத்திடமா கேட்பார்? "அத்தான்" என்று நடராசாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை அங்கை தனியக் கிடக்கிறாள். தாயின்ரை முகத்தையும் பாக்கேல்லை, கொள்ளி வைச்சதையும் பாக்கேல்லை. அவளுக்குப் போகப் போறது உந்தப் புத்தகம் ஒண்டுதான். அவள் பிரிச்சு வாசிச்சுப்போட்டு, இது என்ரை அம்மா இல்லை எண்டு சொன்னால்? ஆற்றையோ மனிசிக்கு எல்லே அவள் அழவேண்டி வரும்!"

"எல்லாம் போகப் போகச் சரியாப் போகும்" என்றார் நடராசா. "லண்டனிலை உள்ள சனம் கோதாரி எண்டு வாசிச்சால் எங்களை என்னெண்டு நினைக்கும்?"

கல்வெட்டு புலவர் எழுதியபடியே அச்சானது. கடதாசித் தட்டுப்பாடு, ஆகவே கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித் தாளில். பாட்டுகள் எல்லாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் உறுப்பெழுத்துப் போலக் கோட்டில் நின்றன. அட்டையில் போட அவளுடைய படம் வேண்டும். இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். படம் எடுத்தவன் "கொஞ்சம் சிரியுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டான். சொன்னவனை அவள் பார்த்த பார்வை அப்படியே அதில் விழுந்திருந்தது. அதைப் போட நடராசா சம்மதிக்கவில்லை. அச்சகத்தில் கிடந்த குத்துவிளக்கு அச்சைப் போட்டார்கள். செல்வநாயகிக்குப் பதிலாக ஒரு விளக்கு, சத்தமில்லாமல், அடக்க ஒடுக்கமாக, அட்டையில் எரிந்தது.

வழக்கமாகச் சாம்பல் கரைக்கும் கீரிமலைக்குப் போக வழியில்லாத காலம். திருவடிநிலைக் கடலில் அந்தியேட்டியை முடித்துக்கொண்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முற்றத்துப் பந்தலுக்குக் கீழே எல்லோரும் குந்தினார்கள். கல்வெட்டுக் கட்டு விறாந்தைக் கரையில் இருந்தது. புலவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். காப்பு முடிந்து, திதி வெண்பா முடிந்து, கணவர் புலம்பல் வந்தது. சீவரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். புலவர் கண்ணில் நீர் முட்ட, "சாந்த குணவதியே, சண்டை அறியாதவளே..." என்று இழுத்தார்.

பின்னால் இருந்த செபஸ்தியம்மா பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள். மெல்லத்தான் கேட்டாள். ஆனால் கடற்கரையில் கூவிப் பழகிய தொண்டை. "இதென்னடி, புலவர் புத்தகம் மாறி எடுத்துக்கொண்டு வந்திட்டாரோ? எங்கடை அக்காவின்ரையை எப்ப வாசிப்பினம்?"

பந்தலே சிரிப்பில் குலுங்கியது. சிலர் சால்வையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நடராசா திரும்பிப் பார்த்து முறைத்தார். புலவர் மறுபடி தொண்டையைச் செருமி, "காந்த மொழியாளே" என்று தொடங்கவும் பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து ஹெலி வரும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

பிறகென்ன. சனம் பாய்ந்தடித்துக்கொண்டு தோட்டத்துப் பங்கருக்கு ஓடியது. பனங்குற்றி அடுக்கி, உரப்பையில் மண் நிரப்பி மூடிய பங்கர். முதலில் உள்ளே போனவர் நமசிவாயப் புலவர். சாவைப் பற்றி அவ்வளவு பாடியவர், அதை நேரில் சந்திக்க அவ்வளவு ஆசைப்படவில்லை. அடுத்தது நடராசா, காற்சட்டையோடு.

சீவரத்தினம் போகவில்லை. செல்வநாயகி ஒரு நாளும் அந்தப் பங்கருக்குள் இறங்கியதில்லை. அவர் உள்ளே இருந்து, "இஞ்சாரும், உள்ளுக்கு வாரும்" என்று கெஞ்சுவார். அவள் முருங்கைக்குக் கீழே நின்று, மேலே சுற்றுகிறவனை அவன் பிறந்த நாளிலிருந்து தொடங்கி வரிசையாக ஏசுவாள். அவன் போனபிறகும் ஏச்சு மிச்சம் இருந்தால் அது சீவரத்தினத்துக்கு வரும். இன்று அவர் முருங்கைக்குக் கீழே போய் நின்றார். அண்ணாந்து பார்த்தார். ஏச வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. வெள்ளை வேட்டியோடு, வெட்ட வெளியில், வாயைத் திறந்தபடி நின்றார்.

ஹெலி தாழ்ந்து வந்தது. எங்கேயோ படபடவென்று சுட்டது கேட்டது. பங்கருக்குள்ளிருந்து ஒரு குரல் கீச்சென்று கிளம்பியது:

"அட கோதாரி விழுந்த மனிசா! வெள்ளையும் சொள்ளையுமாய் நிண்டு எங்களையும் சேத்துக் காட்டிக் குடுக்கப் போறியோ? உள்ளுக்கு வா, கோதாரி!"

குரல் நமசிவாயப் புலவருடையது.

சீவரத்தினம் திரும்பினார். அவசரப்படாமல் நடந்து வந்து, பங்கர் வாசலில் குனிந்து, இருட்டுக்குள் பார்த்துக் கேட்டார். "புலவர், அந்தச் சொல்லுக்கு எதுகை இல்லையெண்டு சொன்னியள்?"

ஹெலி தலைக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. யாரோ அவரைக் கையில் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்கள். புலவர் இருட்டுக்குள் இருந்து, "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார். "நான் கோதண்டராமா எண்டு கடவுளைக் கூப்பிட்டனான்."

"விழுந்த கோதண்டராமாவோ?" என்றாள் செபஸ்தியம்மா.

அவ்வளவுதான். பங்கருக்குள் சிரிப்பு வெடித்தது. வெளியே சுட்டுக்கொண்டிருக்கிறான், உள்ளே சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. சிரிப்பு ஓய்ந்ததும் ஒவ்வொருவராகத் தொடங்கினார்கள். செல்வநாயகி தன்னை எப்போது எப்படி ஏசினாள் என்று சொன்னார்கள். பிள்ளைப்பேற்றுக்குத் தைலம் கொண்டுவந்து தந்துவிட்டு ஏசியது, காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சியோடு வந்து ஏசியது, கடன் கேட்கக் கூச்சப்பட்டு நின்றவளை அரிசிப் பையைக் கையில் திணித்துவிட்டு ஏசியது. ஏச்சு வாங்காத ஆள் அந்தப் பங்கருக்குள் ஒருவர்கூட இல்லை. அந்த இருட்டுக்குள்தான், உண்மையாகவே, அன்றைக்குக் கல்வெட்டு வாசித்தார்கள்.

கடைசியில் நடராசாவின் குரலும் கேட்டது. "சின்ன வயசிலை என்னை ஒருத்தன் பள்ளிக்கூடத்திலை ஒவ்வொரு நாளும் அடிக்கிறவன். இவள் என்னிலும் நாலு வயசு இளமை. ஒருநாள் குடையைத் தூக்கிக்கொண்டு வந்து, கோதாரி விழுவானே எண்டு ஒழுங்கை முழுக்கத் துரத்தினவள். பிறகு அவன் என்னை..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. "எனக்கு ஒரு தங்கச்சிதான்" என்றார். இருட்டில் அவருடைய காற்சட்டை மடிப்பு என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது.

ஹெலி போனது. சனம் ஒவ்வொருவராக வெளியே ஏறி, மண்ணைத் தட்டிக்கொண்டு பந்தலடிக்கு வந்தது. வந்து பார்த்தால், விறாந்தைக் கரையில் ஆடு நிற்கிறது. அந்த ஆடுதான். அமளியில் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, கல்வெட்டுக் கட்டைக் குலைத்து, நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. கொப்பித் தாள் அதற்குப் பிடித்துவிட்டது. கால்மாட்டில் குத்துவிளக்கு அட்டைகள் சிதறிக் கிடந்தன. வாயில் கணவர் புலம்பல்.

"ஐயோ, என்ரை பாட்டு!" என்று புலவர் தலையில் கையை வைத்தார்.

சீவரத்தினம் முன்னால் போனார். வாழ்நாளில் உயர்த்தாத குரல், ஒழுங்கை கடந்து அடுத்த வளவுக்குக் கேட்கும்படி கிளம்பியது.

"அட கோதாரி விழுந்த ஆடே, உன்னை இண்டைக்கு..."

அதோடு நின்றுவிட்டது. ஆடும் சப்புவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

அவர் சனத்தின் பக்கம் திரும்பினார். "அதுக்குப் பிறகு என்ன சொல்லியிருப்பாள்?" என்று கேட்டார். "அண்டைக்கு இதிலைதான் விட்டவள். மிச்சம் என்னெண்டு எனக்குத் தெரியேல்லை. அத்தான், உங்களுக்குத் தெரியுமே?" நடராசா இல்லையென்று தலையை அசைத்தார். "புலவர், நீங்கள் பாட்டுக் கட்டுற ஆள். நீங்கள் சொல்லுங்கோ, மிச்சம் என்ன?"

புலவர் வாயைத் திறந்தார், திறந்தபடி நின்றார், பிறகு மூடிக்கொண்டார். சீவரத்தினம் அப்படியே விறாந்தைக் கரையில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். செபஸ்தியம்மா வந்து ஆட்டை இழுத்துக்கொண்டு போனாள்.

ஆடு தின்னாமல் விட்ட புத்தகங்களும் அந்தக் கட்டில் இருந்தன. லண்டனுக்கென்று நடராசா நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். மகளுக்கு அனுப்பச் சீவரத்தினம் எடுத்தது ஆடு கடித்த புத்தகத்தை. அதில் கணவர் புலம்பல் இருந்த தாள் பாதிக்கு மேல் இல்லை. இதை அனுப்பினால் பிள்ளை என்ன நினைப்பாள் என்று நடராசா கேட்டார்.

"தாயை நினைப்பாள்" என்றார் சீவரத்தினம். அதைத்தான் பிரான்சுக்கு அனுப்பினார்.